முதல் பனிச்சறுக்குப் பயணம்: ஹொக்கைடோவுக்குக் கிளம்பும் முன்

பனிச்சறுக்கு கற்க வெளிநாடு போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவைத்தான். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் உலர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மேற்குக் கரை மலைகளில் மோதியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. அங்குள்ள நிசேகோ பகுதியில் ஒரு பருவத்துக்குச் சுமார் 15 மீட்டர் பனி விழும் என்பார்கள். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராத அளவுக்கு உலர்ந்த பனி அது. புதிதாகக் கற்பவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு: விழுந்தால் அவ்வளவாக வலிக்காது, உடையும் சீக்கிரம் நனையாது.

முதல் பயணத்தில் பணத்தை எதில் போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெரிய மலை, விலை உயர்ந்த ஜாக்கெட், சொந்தமாக ஸ்கீ (காலுக்கு ஒன்றாக மாட்டும் நீளப் பலகை) என்று பட்டியல் நீளும். என் பட்டியல் சின்னது: காலுக்குச் சரியான பூட்ஸ், கற்றுத்தர ஓர் ஆசிரியர், நனையாத உடை. இந்த மூன்றும் அமைந்துவிட்டால் மற்றதில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம்.

படி 1: ஸ்கீயா, ஸ்நோபோர்டா?

இரண்டையும் ஒரே பயணத்தில் முயலாதீர்கள். ஸ்கீயில் இரண்டு காலும் தனித்தனியே இயங்கும், முகம் முன்னோக்கி இருக்கும். அதனால் முதல் நாளிலேயே மெதுவான சரிவில் இறங்கவும் நிற்கவும் பெரும்பாலானவர்களால் முடியும். ஸ்நோபோர்டில் இரண்டு பாதமும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருக்கும். முதல் ஓரிரு நாள் உட்கார்ந்தும் குப்புறவும் விழுந்துகொண்டே இருப்பீர்கள். பிறகு வேகமாகக் கைவந்துவிடும்.

முழங்காலில் பழைய காயம் உள்ளவர்கள் ஸ்கீ பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்நோபோர்டில் அடிபடுவது பெரும்பாலும் மணிக்கட்டு. மூன்று நான்கு நாள்தான் இருக்கிறது, குடும்பத்தோடு போகிறோம் என்றால் நான் ஸ்கீயையே சொல்வேன்.

படி 2: எப்போது, எங்கே

பருவம் டிசம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் வரை போகும். ஜனவரியில் பனி அதிகம். அதோடு குளிரும் அதிகம். பனிப்பொழிவில் பத்தடி தூரம் தெரியாத நாள்களும் வரும். பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே 5 முதல் 10 டிகிரி வரை இறங்குவது சாதாரணம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சீனப் புத்தாண்டு வாரங்களில் விடுதி விலை ஏறிவிடும், வகுப்புகளிலும் இடம் கிடைக்காது. கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு பிப்ரவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் நடு வரை அருமையான காலம். தரையில் நல்ல கனத்தில் பனி தங்கியிருக்கும், வெயிலும் எட்டிப் பார்க்கும், கூட்டமும் குறைந்திருக்கும். மார்ச் கடைசியில் பகலில் உருகி இரவில் உறையும் பனி வந்துவிடுகிறது. காலையில் அதன் மேல் பழகுவது கடினம்.

நிசேகோ என்பது ஒரே மலையைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு பகுதிகள்: கிராண்ட் ஹிராஃபு, ஹனாசோனோ, நிசேகோ வில்லேஜ், அன்னுப்புரி. கடைகளும் உணவகங்களும் நிறைந்தது ஹிராஃபு. அகலமான, மெதுவான சரிவுகளுக்கு அன்னுப்புரி பக்கம் நல்லது, கூட்டமும் குறைவு. எதிரே 1,898 மீட்டர் உயர யோதேய் எரிமலை நிற்கும். வானம் தெளிந்த நாளில் அதைப் பார்த்தபடி சறுக்கி இறங்குவதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்.

நிசேகோ விலை அதிகமாகத் தெரிந்தால் சப்போரோ நகரில் தங்கி, அங்கிருந்தே போய்வரக்கூடிய தெய்னே மலையில் கற்கலாம். 1972 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் சில அங்கேதான் நடந்தன. தொடக்கநிலைச் சரிவுகளும் அங்கே உண்டு.

ஜப்பானில் சரிவுகளின் கடினத்தைப் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் குறிப்பார்கள். உங்களுக்குப் பச்சை மட்டும். ஐரோப்பாவில் இடையில் நீலமும் உண்டு என்பதால், அங்கே போய்வந்த நண்பர் சொல்லும் "சிவப்பு"ம் இங்குள்ள சிவப்பும் ஒன்றல்ல.

படி 3: விசா, விமானம், காப்பீடு

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர் குடிமக்களுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இறங்க வேண்டிய விமான நிலையம் சப்போரோவின் நியூ சிட்டோசே. டோக்கியோவிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரப் பறப்பு. அங்கிருந்து நிசேகோவுக்குப் பேருந்தில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். பனிப்புயலில் விமானம் தாமதமாவது அங்கே சகஜம். அதனால் வந்து சேரும் நாளில் வகுப்பு வைக்காதீர்கள். திரும்பும்போதும் பன்னாட்டு விமானத்துக்கு முந்தைய இரவே சப்போரோவிலோ டோக்கியோவிலோ இருந்துவிடுங்கள். பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் வாடகைக் காரை நினைக்கவே வேண்டாம், பேருந்தே போதும்.

காப்பீட்டில் ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் குளிர்கால விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில் இருக்கும். கூடுதல் பணம் கட்டி அதைச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின்னும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவு உண்டா? வாடகைக் கருவி உடைந்தாலோ தொலைந்தாலோ என்ன? குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே போனால் செல்லுமா? மூன்றாவதுக்கு "செல்லாது" என்றே பதில் வரலாம். அதுவே நல்ல எச்சரிக்கை.

படி 4: உடலைத் தயார் செய்வது

ஆறு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்த நிலையில் நிற்கும் பயிற்சி மிக முக்கியம். அரை நிமிடத்தில் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதோடு தோப்புக்கரணம், மாடிப்படி ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. தொடையில் வலுவில்லாவிட்டால் மதியத்துக்குள் கால் சொன்னபடி கேட்காது. விபத்துக்கு வழி அதுதான்.

துபாயில் இருப்பவர்களுக்கும் அந்த வழியாகப் பறப்பவர்களுக்கும் ஒரு வசதி: 2005-இல் திறந்த ஸ்கீ துபாய் உள்ளரங்கில் 400 மீட்டர் வரை நீளமுள்ள சரிவு இருக்கிறது. அங்கே ஒரு வகுப்பு எடுத்துப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் ஜப்பான் செலவைச் செய்யலாம்.

படி 5: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

ஸ்கீ, பலகை, ஊன்றுகோல், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாமே வாடகைக்கு. முதல் பயணத்துக்கு இவற்றை விலைக்கு வாங்கிச் சுமந்து போவதில் பொருளே இல்லை. ஜாக்கெட்டும் பேன்ட்டும்கூட அங்கே வாடகைக்குக் கிடைக்கும். திரும்பி வந்து அவற்றை எங்கே போடப் போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தமாக வாங்க வேண்டியவை தோலில் படுபவை: தெர்மல் உள்ளாடை, காலுறை, கையுறை, காகிள்ஸ் (கண்ணை மூடிக் காக்கும் பனிக்கண்ணாடி), கழுத்துறை.

உடையை மூன்று அடுக்காகப் போடுங்கள். உள்ளே மெரினோ கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ தெர்மல். நடுவில் ஃப்ளீஸ் எனும் மென்மையான துணியில் மெல்லிய சட்டை. வெளியே நீர் புகாத ஜாக்கெட், பேன்ட். வெளி உடையின் சீட்டில் 10,000 மில்லிமீட்டர் என்று நீர்த்தடுப்பு அளவு போட்டிருந்தால் போதும். நாள் முழுக்கப் பனியில் உட்கார்ந்து எழப்போகும் ஸ்நோபோர்டுக்காரர்கள் 15,000 அல்லது 20,000 பாருங்கள். பருத்தி எங்கேயும் வேண்டாம், உள்ளாடையிலும் வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு அது காய்வதே இல்லை. மலைமேல் ஏற்றிச் செல்லும் இருக்கை லிஃப்டில் அசையாமல் உட்காரும் பத்து நிமிடத்தில் அந்த ஈரம் உடம்பை நடுக்கிவிடும்.

காகிள்ஸ் வாங்கும்போது கறுப்புக் கண்ணாடி அழகாக இருக்கும். ஆனால் ஹொக்கைடோவில் மேகமூட்டமே அதிகம். இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறக் கண்ணாடியில்தான் பனியின் மேடுபள்ளம் தெரியும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதற்கு மேல் போடக்கூடிய அகலமான வகையைக் கேளுங்கள். கையுறையில், நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் வகையே அதிகச் சூடு தரும்.

படி 6: பூட்ஸ்

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள். முதல் நாளே பலர் வெறுத்துப் போவதற்குக் காரணம் குளிரோ பயமோ அல்ல, கால்வலி.

ஸ்கீ பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில். வீட்டிலேயே ஒரு தாளின் மேல், குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று, கட்டைவிரல் நுனி வரை அளந்து வையுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய எண்ணைக் கடையில் சொல்லுங்கள். இந்திய, பிரிட்டன் அளவுகளைச் சொல்லிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

போடும்போது பூட்ஸுக்குள் போக வேண்டியது ஒரே ஒரு மெல்லிய, நீளமான ஸ்கீ காலுறை மட்டும். இரண்டு காலுறை போட்டால் சூடாக இருக்கும் என்று தோன்றும். உண்மையில் இரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு விரல்கள் முன்னைவிடச் சில்லிட்டுப் போகும். தெர்மல் பேன்ட்டின் ஓரத்தையும் உள்ளே திணிக்காதீர்கள். அந்த மடிப்பு நாள் முழுக்கக் கணைக்காலில் அழுத்தும்.

காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். கணுக்கால் பக்கிளை (கொக்கிப் பூட்டை) முதலில் லேசாக மாட்டி, முழங்காலை முன்னே மடக்கி, பிறகு மேல் பக்கிள்களை இறுக்குங்கள். விரல் பக்கம் உள்ளவை தளர்வாகவே இருக்கட்டும். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் அந்தத் தொடுதல் விலக வேண்டும். குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டால் பூட்ஸ் பெரிது. கடையிலேயே பத்து நிமிடம் போட்டு நடந்து பாருங்கள். குத்தினால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள், வாடகையில் அதுவும் சேர்த்தி.

ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது உயரம், எடை, வயது, அனுபவம் கேட்பார்கள். எடையைக் குறைத்தோ அனுபவத்தைக் கூட்டியோ சொல்லாதீர்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழல வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை இந்த விவரங்களையும் பூட்ஸின் அடிப்பகுதி நீளத்தையும் வைத்துத்தான் அமைக்கிறார்கள். தப்பான எண் கொடுத்தால் தேவையில்லாத நேரத்தில் கழன்றுவிடலாம், அல்லது கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுக்கிக்கொள்ளலாம். ஸ்கீயின் நீளம் உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் இருந்தால் தொடக்கத்துக்குச் சரி.

ஸ்நோபோர்டு பூட்ஸ் மென்மையானது, தொல்லை குறைவு. எந்தக் கால் முன்னால் என்பது மட்டும் தெரிய வேண்டும். வழவழப்பான தரையில் காலுறையோடு ஓடிச் சறுக்கிப் பாருங்கள். தானாக முன்னே போகும் கால்தான் உங்கள் முன்கால். மணிக்கட்டுக் கவசத்தைக் கேட்டு வாங்குங்கள்.

படி 7: வகுப்பு

விடுதியைப் பதிவு செய்வதற்கு முன்பே வகுப்பைப் பதிவு செய்யுங்கள். நிசேகோவில் ஆங்கிலத்தில் கற்றுத்தரும் பள்ளிகள் இருக்கின்றன. குழு வகுப்பே போதுமானது, விலையும் குறைவு. முதல் இரண்டு நாள் கண்டிப்பாக வகுப்பு, மூன்றாம் நாள் தனியே பழக்கம், நான்காம் நாள் இன்னொரு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் கற்றது நிலைக்கும். நன்றாக ஸ்கீ ஓட்டத் தெரிந்த நண்பரோ கணவரோ கற்றுத்தரட்டும் என்று விடாதீர்கள். ஓட்டத் தெரிவது வேறு, கற்றுத்தரத் தெரிவது வேறு.

நிசேகோ முழு மலைக்குமான ஒருநாள் லிஃப்ட் சீட்டு 10,000 யெனுக்கு மேல். அது உங்களுக்கு இப்போது வேண்டாம். முதல் நாளில் நிற்பவரை மேலே ஏற்றிவிடும் அடிவாரத்து நகரும் பாதையிலேயே பெரும்பாலும் இருப்பீர்கள். எந்தச் சீட்டு தேவை என்று பள்ளியிடம் கேட்டுவிட்டு, ஒரே பகுதிக்கோ சில மணி நேரத்துக்கோ மட்டும் வாங்குங்கள். சீட்டு அட்டையைத் தனியாக இடப்பக்கப் பையில் வையுங்கள். செல்பேசியோடு சேர்த்து வைத்தால் லிஃப்ட் வாசலில் உள்ள கருவி அதைப் படிக்காது.

படி 8: மலையில் நடந்துகொள்ளும் முறை

முன்னால், அதாவது கீழே, போகிறவருக்கே முதல் உரிமை. அவர் எப்படித் திரும்பினாலும் மோதாமல் போவது மேலிருந்து வருபவரின் பொறுப்பு. நடுவழியில் நிற்காதீர்கள். ஓரமாக, மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் எதிர்த்துப் போராடாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழுங்கள், ஊன்றுகோலை விட்டுவிடுங்கள். கைக்குள் பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் தசைநார் கிழியக்கூடும். ஸ்நோபோர்டில் கையை விரித்து ஊன்றாமல், முஷ்டியை மூடி முன்கையில் விழப் பழகுங்கள்.

கயிறு கட்டிய இடத்தைத் தாண்டவே கூடாது. அடுத்த பக்கம் பனி தொடப்படாமல் அழகாகக் கிடக்கும். ஆனால் மரங்களின் அடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தால் தனியாக ஏறி வர முடியாது. நிசேகோவில் எல்லைக்கு வெளியே போவதற்கென்று வாயில்களும் விதிகளும் உண்டு. அவை பனிச்சரிவு மீட்புக் கருவியும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு.

சாப்பாடும் சாயங்காலமும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: ஜப்பானில் காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் நூடுல்ஸிலும் மீனில் செய்த தாஷி சாறு பெரும்பாலும் இருக்கும். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்து, அரிசியை அங்கே வாங்கிக்கொண்டு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, உப்புமா மிக்ஸ் கொண்டுபோனால் நிம்மதி. ஹொக்கைடோ முழுக்க இருக்கும் செய்கோமார்ட் கடைகளில் பழம், பால், ரொட்டி கிடைக்கும். சட்டைப்பையில் கடலை மிட்டாய் நாலு போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது, அதனால் நினைத்து நினைத்துத் தண்ணீர் குடியுங்கள்.

சறுக்கி முடித்ததும் வெந்நீர் ஊற்றான ஒன்சென்னுக்குப் போங்கள். ஆண், பெண் தனித்தனி. நீச்சலுடை அனுமதி இல்லை. முதலில் உட்கார்ந்து நன்றாகக் குளித்த பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். பொது இடத்தில் கூச்சமாக இருந்தால் தனிக் குளியல் அறை உள்ள விடுதியாகப் பாருங்கள். அறைக்கு வந்ததும் ஈரக் கையுறையையும் காலுறையையும் உலர்த்தப் போட்டுவிடுங்கள். பூட்ஸ் காயவைக்கும் அறை எங்கே என்று விடுதியில் கேட்டு அங்கே வையுங்கள். காலையில் ஈரமான, விறைத்த பூட்ஸுக்குள் காலை நுழைப்பது பெரும்பாடு.