காற்றுக் கோப்பும் ஆக்டேவும்

எனக்குச் சோறு போடுவது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் காற்றை, கம்பத்தில் கட்டிய கருவிகள் அளக்கின்றன. அளந்ததை லாகர் என்கிற டப்பா 10 நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் கோப்பாக எழுதி வைக்கிறது. மின்சாரம் எடுக்கும் காத்தாடி நிறுத்த அந்த இடம் தேறுமா என்று கோப்பைப் படித்துக் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

கணக்குக்கு நான் வைத்திருப்பது ஆக்டேவ் என்கிற இலவசக் கணக்கு மென்பொருள். இதே மாதிரி கட்டளைகள் உள்ள, காசு கொடுத்து வாங்க வேண்டிய மேட்லாபுக்குப் பணம் கட்ட வழியில்லாத நாளில் பிடித்த பழக்கம், அப்படியே ஒட்டிக்கொண்டது. பெயரைப் பார்த்து சங்கீத சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1992இல் இதை எழுதத் தொடங்கிய ஜான் ஈட்டன், தனக்குப் பாடம் எடுத்த வேதிப் பொறியியல் பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயரை இதற்கு வைத்தார்.

கீழே கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில், ஒரு சொல்லுக்குள் இடைவெளி விடாமல் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை ஆக்டேவைத் திறப்பது அல்ல. கோப்பை ஒரு சாதாரண நோட்பேடில் திறந்து கண்ணால் பார்ப்பது. எக்செல்லில் திறக்காதீர்கள். அது தேதியைத் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டு, நீங்கள் தெரியாமல் ‘சேவ்’ கொடுத்தால் அப்படியே மாற்றியும் எழுதிவிடும். என் கையில் அடிக்கடி வரும் கோப்பு இப்படி இருக்கும். மேலே 13 வரிகள் தலைப்பு: கம்பத்தின் உயரம், கருவி எண், இன்ன பிற. அப்புறம்:

14.06.2019 10:10;9,1;258
14.06.2019 10:20;9,4;262
14.06.2019 10:30;-999;-999
14.06.2019 10:40;10,2;265

தேதி, நேரம், காற்றின் வேகம், திசை. இந்த நான்கு வரியிலேயே மூன்று கண்ணிகள் இருக்கின்றன. பிரிப்பது அரைப்புள்ளி. தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி, ஏனென்றால் லாகரின் மென்பொருள் ஐரோப்பாவிலிருந்து வந்தது, ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் அப்படித்தான் எழுதுவார்கள். மூன்றாவது, அந்த -999. கருவி பதில் சொல்லவில்லை என்பதற்கு லாகர் போடும் குறி அது.

காற்புள்ளியைக் கவனிக்காமல், காற்புள்ளியில் பிரித்துப் படிக்கும் சிஎஸ்விரீட் போட்டால் 9,4 என்பது 9 ஒரு பத்தி (நெடுக்கு வரிசை), 4 இன்னொரு பத்தி என்று பிளந்துவிடும். சிவப்பு எழுத்தில் எந்தப் புகாரும் வராது. 5,4 என்ற வேகம் வெறும் 5 ஆகிறது என்று வையுங்கள், 0.4 தானே என்று தோன்றும். ஆனால் காற்றின் திறன் வேகத்தின் முப்படியில் போகிறது. 5.4இன் முப்படி 157, 5இன் முப்படி 125. ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் கணக்கிலிருந்து காணாமல் போயிற்று. இந்த வேலையில் சேர்ந்த முதல் வருடம் இப்படி ஒரு அறிக்கையை நானே தயார் செய்து, அனுப்புவதற்கு முந்தின நாள் பத்திகளின் எண்ணிக்கை இடித்ததால் பிழைத்தேன்.

சரி, படிப்போம். நான் செய்கிற வரிசை இது:

எஃப்ஐடி = எஃப்ஓபன்('ஜூன்.டெக்ஸ்ட்', 'ஆர்');
எஃப்ஸ்கிப்எல்(எஃப்ஐடி, 13);
எழுத்து = எஃப்ரீட்(எஃப்ஐடி, இன்ஃப், 'சார்=>சார்')';
எஃப்குளோஸ்(எஃப்ஐடி);
எழுத்து = எஸ்டிஆர்ரெப்(எழுத்து, ',', '.');
ஏ = எஸ்ஸ்கேன்எஃப்(எழுத்து, '%டி.%டி.%டி %டி:%டி;%எஃப்;%எஃப்', [7 இன்ஃப்])';

முதல் வரி கோப்பைத் திறந்து ஒரு எண்ணைக் கையில் தருகிறது. 0, 1, 2 மூன்றும் விசைப்பலகைக்கும் திரைக்கும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவை, அதனால் உங்களுக்கு 3 முதல் கிடைக்கும். -1 வந்தால் கோப்பு திறக்கவில்லை. விண்டோஸில் அப்படி வந்தால் நூற்றுக்குப் பாதி நேரம் பாதைதான் காரணம். பாதையை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், பின்சாய்வுக் கோட்டுக்கு அடுத்து ‘என்’ வந்தால் அது புது வரி, ‘டி’ வந்தால் டேப். ‘நியூ’ என்ற அடைவுக்குள் ‘டவர்’ என்ற அடைவு வைத்திருந்த நான் அரை நாள் முழித்தேன். ஒற்றை மேற்கோள் போடுங்கள், அல்லது முன்சாய்வுக் கோடு போடுங்கள். விண்டோஸும் அதை ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது வரி தலைப்பைத் தாண்டுகிறது. இந்த எஃப்ஸ்கிப்எல் ஆக்டேவில் மட்டும்தான் உண்டு. மேட்லாபில், ஒரு வரி மட்டும் படிக்கும் எஃப்கெட்எல்லை 13 முறை சுற்றவிட வேண்டும். மூன்றாவது, மிச்சம் இருப்பதை எல்லாம் ஒரே நீளச் சரமாக, அதாவது எழுத்துகளின் தொடராக அள்ளுகிறது. கடைசியில் தொங்கும் ஒற்றைக் குறி, நெடுக்கில் வந்ததைக் கிடக்கையாகத் திருப்ப. அப்புறம் காற்புள்ளிகளைப் புள்ளியாக்குகிறோம். பிரிப்பான் அரைப்புள்ளியாக இருப்பதால்தான் இப்படித் துணிந்து மாற்றலாம். பிரிப்பானும் காற்புள்ளியாக இருந்தால் கை வைக்காதீர்கள், அந்தக் கோப்பை அனுப்பியவரிடமே திருப்பிக் கேளுங்கள்.

கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. நாள், மாதம், வருடம், மணி, நிமிடம், வேகம், திசை என்று வரிக்கு 7 எண்கள். %டி (ஆங்கில d) முழு எண்ணுக்கு, %எஃப் தசம எண்ணுக்கு. ஆக்டேவ் எண்களை மேலிருந்து கீழாக, ஒரு பத்தி நிரம்பியதும் அடுத்த பத்தி என்று அடுக்கும். அதனால்தான் 7 வரி உயரம், எத்தனை பத்தி வேண்டுமானாலும் (அதுதான் இன்ஃப்) என்று படிக்கச் சொல்லி, பிறகு திருப்பிப் போடுகிறோம். [இன்ஃப் 7] என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள், வழிவிடாது.

படித்து முடித்ததும் வரிகளை எண்ணுங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 144, ஜூன் மாதத்துக்கு 4,320, சாதாரண வருடத்துக்கு 52,560. ரோஸ்(ஏ) என்று கேட்டால் சொல்லிவிடும். ஒரு தடவை எனக்கு 2,911 வந்தது. எஸ்ஸ்கேன்எஃப் தனக்குப் பிடிபடாத எழுத்தைப் பார்த்த இடத்தில், சத்தமே இல்லாமல் நின்றுவிடும். ஏ(எண்ட், :) என்று கடைசி வரியைக் கேட்டேன்: 21ஆம் தேதி காலை 5 மணி. கோப்பில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால், பேட்டரி இறங்கி லாகர் தானே அணைந்து எழுந்தபோது நடுவில் ஒரு வரி வாக்கியம் எழுதி வைத்திருக்கிறது. அதற்குக் கீழே ஒன்பது நாள் காற்று அநாதையாகக் கிடந்தது.

இப்படிப்பட்ட கோப்புக்கு மொத்தமாக அள்ளும் வழி சரிப்படாது. எஃப்கெட்எல்லால் ஒவ்வொரு வரியாக எடுத்து, காற்புள்ளியை மாற்றி, எஸ்ஸ்கேன்எஃப்பிடம் கொடுத்து, 7 எண்கள் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அந்த வரியைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். கோப்பு முடிந்ததும் எஃப்கெட்எல் சரத்துக்குப் பதிலாக -1 தரும், அதைப் பார்த்துச் சுற்றை நிறுத்தலாம். வருடக் கோப்பென்றால் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஸீரோஸ்(52560, 7) என்று முன்கூட்டியே இடம் போட்டுவைத்தால் அந்த நேரமும் குறையும்.

அடுத்து -999. ஏ(ஏ == -999) = நான்; என்று ஒரே வரி. இந்த ‘நான்’ எண் அல்லாததைக் குறிக்கும் ஆக்டேவ் சொல். இதை மறந்தால் என்ன ஆகும்? நாள் முழுக்க நொடிக்கு 8 மீட்டர் காற்று, 144 வரியில் ஒரே ஒரு -999 என்று வையுங்கள். அன்றைய சராசரி 1 மீட்டருக்கு வந்து நிற்கும். மாற்றிய பிறகு நேராக, சராசரி எடுக்கும் மீன் கட்டளையைப் போட்டால் விடையும் நான் என்றே வரும். எது நான் என்று காட்டும் ஈஸ்நான் வைத்து அவற்றைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

தேதிப் பத்தி இல்லாத, எண் மட்டும் இருக்கும் எளிய கோப்பென்றால் இவ்வளவு பாடு வேண்டாம், டிஎல்எம்ரீட் போதும். இரண்டு விஷயம் மட்டும். எந்த வரியில் தொடங்க என்பதை அது 0இலிருந்து எண்ணுகிறது, ஆக்டேவில் பொதுவாக எண்ணுவது 1இலிருந்து. அப்புறம் காலியான இடத்தையும் எழுத்து இருக்கும் இடத்தையும் அது 0 என்று நிரப்பும். காற்றுக் கணக்கில் 0 என்பது உண்மையான அளவு, அந்த நேரத்தில் இலை அசையவில்லை என்று பொருள். அதனால் ‘எம்ப்டிவேல்யூ’ என்ற விருப்பத்தில் நான் என்று கொடுத்துவிடுங்கள்.

நேரத்தை ஒற்றை எண்ணாக்க டேட்நம். தேதியைச் சரமாகக் கொடுத்து மாதமா நாளா என்று அதனோடு மல்லுக்கட்டாமல், வருடம், மாதம், நாள், மணி, நிமிடம் என ஏ-யின் பத்திகளையே கொடுங்கள். ஒரு நாள் என்பது 1, ஆக 10 நிமிடம் 144இல் ஒரு பங்கு. அடுத்தடுத்த நேரங்களின் வித்தியாசத்தை டிஃப் தரும்; ரவுண்ட்(டிஃப்(நேரம்) * 144) எல்லா இடத்திலும் 1 தர வேண்டும். 2 வந்தால் நடுவில் ஒரு வரி காணவில்லை. 0 வந்தால் அதே நேரம் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது.

இனி எழுதுவது. எஃப்ஓபனில் ‘ஆர்’ என்றால் படிக்க, ‘டபிள்யூ’ என்றால் எழுத. டபிள்யூ போட்டுத் திறந்த அந்தக் கணமே பழைய கோப்பின் உள்ளடக்கம் போய்விடும், நீங்கள் ஒரு எழுத்தும் எழுதாவிட்டாலும். எனக்கு ஒரு ஆகஸ்ட் மாதம் இப்படிப் போயிருக்கிறது. லாகரின் அட்டையில் நகல் மிச்சமிருந்ததால் கம்பம் வரை ஒரு நடையோடு முடிந்தது. அன்றிலிருந்து மூலக் கோப்புகளுக்குத் தனி அடைவு, எல்லாவற்றுக்கும் ‘படிக்க மட்டும்’ பூட்டு.

கோப்பில் எழுதும் கட்டளையான எஃப்பிரிண்ட்எஃப்பில் எல்லோரும் ஒரு தடவை விழுவார்கள். மூன்று வரி, இரண்டு பத்தி உள்ள அணி, அதாவது எண் அட்டவணை ஒன்று:

1 5.2
2 6.1
3 4.8

வரிக்கு இரண்டு எண் என்று வடிவம் கொடுத்து எழுதினால் கோப்பில் வருவது:

1 2
3 5.2
6.1 4.8

அதே மேலிருந்து கீழ்ப் பழக்கம்தான். அணியின் பின்னால் ஒற்றைக் குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தால் ஒழுங்காக வரும்.

உங்களுக்கே பின்னால் வேண்டும் என்றால் சேவ் போதும். விருப்பம் எதுவும் கொடுக்காவிட்டால் ஆக்டேவ் தன் சொந்த உரை வடிவில், பெயரும் வரி பத்தி எண்ணிக்கையும் மேலே போட்டு எழுதும். மேட்லாபோ பைத்தானோ வைத்திருப்பவருக்கு என்றால், மேட்லாபின் கோப்பு வடிவமான -வி7 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்லாப் நண்பர் உங்களுக்கு அனுப்பும்போதும் -வி7இல் சேமிக்கச் சொல்லுங்கள், -வி7.3 என்கிற வடிவம் வேறு வம்சம். -ஆஸ்கி என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது ஒற்றைத் துல்லியத்தில்தான், அதாவது குறைந்த இலக்கங்களோடுதான் எழுதும். நொடிக்கு ஒரு வரி பதிவான கோப்பு ஒன்றை, 1970இலிருந்து எண்ணிய நொடிக் கணக்கோடு அப்படிச் சேமித்தேன். பத்து இலக்க எண். திரும்பப் படித்தால் அடுத்தடுத்த பல வரிகளில் ஒரே நேரம். கூடவே -டபுள் என்றும் சேர்த்தால் முழு எண்ணும் வரும்.

லோட் செய்யும்போது எஸ் = லோட்(...) என்று ஒரு பெயருக்குள் வாங்குங்கள். வெறும் லோட் போட்டால் கோப்பில் இருக்கும் பெயர்கள் எல்லாம் நேராக உள்ளே வந்து, நீங்கள் வைத்திருக்கும் அதே பெயர் மாறிகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னும் ஒன்று. எக்செல்லில் பார்க்கிறவர்களுக்கு ஒரு தடவை சிஎஸ்வியாக எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை அங்கிருந்து கணக்குப் பார்ப்பவர் போன் செய்தார். “கோப்பு முழுக்க அங்கங்கே நான் நான் என்று இருக்கிறதே, யார் சார் அது?” இப்போதெல்லாம் நேராக எஃப்பிரிண்ட்எஃப் போடுவதில்லை. எஸ்பிரிண்ட்எஃப்பால் முதலில் சரமாக்கி, எஸ்டிஆர்ரெப்பால் நானை (இங்கு மட்டும் NaN என்றே தட்ட வேண்டும்) வெற்றிடமாக்கி, அப்புறம்தான் கோப்பில் எழுத எஃப்புட்ஸ்.