டோக்கியோவில் மதியச் சாப்பாடு: வாசலில் நிற்கும் சீட்டு இயந்திரத்தைக் கண்டு திரும்பிவிடாதீர்கள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த புதிதில் இரண்டு மாதம் மதியத்துக்குக் கொன்பினி என்ற சின்னப் பல்பொருள் கடையில் ஓனிகிரி (சோற்று உருண்டை) வாங்கி அலுவலக மேசையிலேயே சாப்பிட்டேன். அலுவலகம் இருந்தது கான்டாவில். சுற்றிலும் சந்துக்குச் சந்து சாப்பாட்டுக் கடை, மீன் சுடும் வாசனை தெருமுனை வரை வரும், ஆனால் வாசலில் காசு வாங்கிக்கொண்டு சாப்பாட்டுச் சீட்டு கொடுக்கும் ஒரு இயந்திரம், அதில் ஐம்பது பட்டன், ஒன்றும் படிக்கத் தெரியாது, பின்னால் ஆட்கள் வேறு நிற்பார்கள். இப்போது அதே சந்துகளில் வாரத்துக்கு நான்கு நாள் சாப்பிடுகிறேன். நீங்களும் இரண்டு மாதத்தை விட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ரயில் ஏறுவது, ரயில் கட்டணத்துக்கான சுய்கா கார்டு வாங்குவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: நேரம்

12 மணி ஆனதும் எல்லா அலுவலகமும் ஒன்றாகக் கீழே இறங்கும். 11:30க்கே போய்விடுங்கள், முடியாவிட்டால் 1 மணிக்கு மேல். 2 மணியைத் தாண்டவிடாதீர்கள், பல கடைகள் அதோடு மூடி மாலை 5 மணிவாக்கில்தான் மறுபடி திறக்கும். வாசலில் தொங்கும் துணித்திரைக்கு நோரென் என்று பெயர். அது வெளியே தொங்கினால் கடை உண்டு, உள்ளே எடுத்துவிட்டால் இல்லை. கான்டா, ஷிம்பாஷி மாதிரி அலுவலகப் பகுதிகளில் சனி, ஞாயிறு நிறையக் கடைகள் திறப்பதில்லை.

படி 2: சில்லறை

சின்னதாக ஒரு காசுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். க்யூஆர் செயலி எல்லாம் இருக்கட்டும், சந்துக் கடைக்கு 1000 யென் நோட்டும் 100 யென் நாணயமும்தான் என் கட்சி. 10,000 யென் நோட்டைப் பழைய இயந்திரங்கள் வாங்குவதே இல்லை.

படி 3: சீட்டு இயந்திரம்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். முதல் நாள் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. காசை முதலில் போட வேண்டும். போட்டதும் அந்தத் தொகைக்குள் வரும் பட்டன்களில் விளக்கு எரியும், மற்றவை அணைந்தே இருக்கும். சிவப்பாக ஒரு பெருக்கல் குறி எரிந்தால் அது அன்றைக்குத் தீர்ந்துவிட்டது.

எதை அழுத்துவது? மேல் வரிசையில் இடது ஓரம். கடைக்காரர் எந்தச் சாப்பாட்டை நம்பிக் கடை நடத்துகிறாரோ, அது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும். ராமென் (சூப்பில் வரும் நூடுல்ஸ்) கடையில் இது அநேகமாகத் தப்பாது.

அப்புறம் மீதிக் காசு. பழைய இயந்திரங்களில் அது தானாக விழாது, நீங்கள் இன்னொரு சீட்டு வாங்கலாம் என்று காத்திருக்கும். காசு போடும் துளைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கைப்பிடி இருக்கும், அதைத் திருக வேண்டும். எனக்கு அது தெரியாமல் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் அந்தக் கைப்பிடியைத் திருகி, விழுந்த 250 யென்னை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். இந்த ஊர் எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

(பின்னால் சேர்த்தது: இதைப் படித்துவிட்டுப் போன இரண்டு பேர், நோட்டு போடப் போட வெளியே வருகிறது என்று எழுதியிருந்தார்கள். 2024 ஜூலை 3 அன்று புது நோட்டுகள் வந்தன. 1000 யென்னில் நோகுச்சி ஹிதேயோ படம் போய் கிதாசாதோ ஷிபாசாபுரோ படம் வந்தது. இயந்திரத்தை மாற்றுவது சின்னக் கடைக்குப் பெரிய செலவு, அதனால் பழைய முகத்தை மட்டும் ஏற்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. 2021 நவம்பரில் வந்த இரண்டு நிற 500 யென் நாணயத்துக்கும் இதே பிரச்சினை. பழைய நோட்டு இன்னும் செல்லும், கிடைத்தால் ஒன்றிரண்டு ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பார்த்து "சுமிமாசென்" (மன்னிக்கவும்) என்று கூப்பிட்டு நோட்டைக் காட்டுங்கள், பொதுவாக மாற்றிக் கொடுப்பார்கள்.)

படி 4: இயந்திரம் இல்லாத கடை

சுவரில் கையால் எழுதிய பட்டியல்தான் இருக்கும். போன் கேமராவில் மொழிபெயர்க்கிற செயலி அச்சடித்த எழுத்துக்குப் பரவாயில்லை, தூரிகை எழுத்தில் தடுமாறிவிடும். அதை நம்பி நேரத்தைக் கழிக்காமல் "ஹிகாவாரி, ஒனெகாய்ஷிமாஸ்" என்று கேளுங்கள். அன்றைய சாப்பாடு கொடுங்கள் என்று பொருள். சோறு, மிசோ சூப், ஊறுகாய், சின்னக் கிண்ணத்தில் ஒரு கறி, நடுவில் முக்கியமான பதார்த்தம், எல்லாம் ஒரே தட்டில் வரும். 800லிருந்து 1000 யென் வரை ஆகும். நிறையப் பேர் ராமெனைத் தேடி வரிசையில் நிற்கிறார்கள், என்னைக் கேட்டால் தினசரிச் சாப்பாட்டுக்குத் தெய்ஷொகு என்ற இந்தத் தட்டுச் சாப்பாடுதான். உப்பில் சுட்ட கானாங்கெளுத்தி, சபா ஷியோயாகி, கிடைத்தால் விடாதீர்கள். தோல் மொறுமொறுவென்று கருகி, உள்ளே எண்ணெய் மினுங்கும், பக்கத்தில் துருவிய முள்ளங்கி இருக்கும், அதைச் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் கவனிக்க: ஷோகாயாகி என்றால் பெயரில் இஞ்சிதான் இருக்கிறது, தட்டில் வருவது பன்றி. வெறுமனே "நிகு" (இறைச்சி) என்று எழுதியிருந்தால் டோக்கியோப் பக்கம் பன்றியாகவும் இருக்கலாம், ஒசாகாவில் அது மாடு. சுத்த சைவத்துக்கு இந்தக் கடைகள் உண்மையிலேயே கஷ்டம். காய்கறிக் கூட்டிலும் சோபா என்ற நூடுல்ஸின் சாற்றிலும் கட்சுவோபுஷி ஊறியிருக்கும். நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம் அது, இரண்டும் சூரை மீன் வகையில் செய்வதுதான். மாசிச் சம்பல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் வாய் மிசோ சூப்பிலேயே அந்த மணம் பிடிபட்டுவிடும்.

படி 5: உட்காருவதும் எழுவதும்

உள்ளே போனதும் எத்தனை பேர் என்று கேட்பார்கள், விரலைக் காட்டினால் போதும். தனியாகப் போனால் கவுன்டரில் இடம். சீட்டை மேடையில் வையுங்கள். நின்று சாப்பிடும் கடைகளில் சீட்டைப் பார்த்துவிட்டு "சோபா? உதோன்?" என்று கேட்பார்கள், உதோன் என்றால் தடித்த கோதுமை நூடுல்ஸ், எது வேண்டுமோ அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள். தண்ணீர் பல இடங்களில் நாமே பிடித்துக்கொள்வதுதான். சோறு அதிகம் வேண்டுமானால் "ஓமோரி", சில கடைகளில் மதியம் அதற்குக் காசு கிடையாது.

சாப்பிட்டு முடித்து போனை எடுத்து உட்கார்ந்துவிடாதீர்கள், வெளியே ஆள் நிற்கிறார்கள். கிண்ணங்களைக் கவுன்டர் மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் பார்த்து "கோச்சிசோசாமா தெஷ்தா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டிப்ஸ் கிடையாது, வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

முதல் வாரம் கடை மாற்றாதீர்கள். ஒரே கடைக்கு ஒரே நேரத்துக்குப் போங்கள். நான் போகும் கடையில் நான்காவது நாளே அந்த அம்மா என்னைப் பார்த்ததும் "ஓமோரி?" என்று கேட்டுவிட்டார்.