திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வர்றவங்க முதல்ல என்ன கேக்கணும்

ஊர்ல இருந்து தம்பி தங்கச்சிங்க போன் பண்ணா எல்லாரும் ஒரே கேள்விதான், அக்கா ஷிஃப்ட்டுக்கு எவ்ளோ தருவாங்க. அத ரெண்டாவதா கேளுங்க. முதல்ல, இப்ப என்ன ஆர்டர் ஓடுது, எத்தன மாசத்துக்கு இருக்குன்னு கேளுங்க. ஷிஃப்ட்டுக்கு 50 ரூவா கூட குடுத்துட்டு வாரத்துல மூணு நாள் உக்கார வச்சாங்கன்னா அந்த 50 ரூவா எதுக்காச்சும் ஆகுமா?

வெளிநாட்டு பையர் ஒரு பீஸுக்கு இவ்ளோ டாலர்னு முன்னாடியே பேசி முடிச்சுடுவாங்க, நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பேக்கிங், நம்ம கூலி எல்லாம் அதுக்குள்ளதான் அடங்கணும், நடுவுல நூல் விலை ஏறிடுச்சுன்னா முதலாளி கை வைக்க பாக்கற மொத இடம் நம்ம கூலிதான். ஆர்டர் நின்னாலும் அப்படித்தான். 2011 ஜனவரில நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி கலந்த மாசு கேஸ்ல ஐகோர்ட் சொல்லி சாயப்பட்டறைங்கள மூடுனப்போ, சாயத்தையே தொடாத டெய்லருங்களுக்கும் வேலை போச்சு. 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்கா நம்ம துணிக்கு கூடுதலா 50 சதவீதம் வரி போட்டுச்சு. அதனால சரக்கு எந்த நாட்டுக்கு போகுதுன்னு தெரிஞ்சுக்கங்க. ஆபீஸ்ல சொல்லலேன்னா பேக்கிங் டேபிள்ல விலை டேக்க பாருங்க, டாலர், யூரோ, பவுண்டுன்னு ரெண்டு மூணு குறி கலந்து இருந்தா கொஞ்சம் தைரியமா சேரலாம்.

நேரா எக்ஸ்போர்ட் பண்ற கம்பெனியா, ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகிட்ட வேலை வாங்கி செஞ்சு குடுக்கற சின்ன யூனிட்டான்னும் கேளுங்க. ஜாப் ஒர்க்ல பெரிய கம்பெனி பில் பாஸ் பண்ணாதான் உங்க கைக்கு காசு வரும்.

இப்ப ஷிஃப்ட் கணக்கு, இங்கதான் புதுசா வர்றவங்க ஏமாறுவாங்க. ஒரு ஷிஃப்ட்னா 8 மணி நேரம், காலைல எட்டரைக்கு போயி நைட் எட்டரைக்கு வந்தா ஒன்றரை ஷிஃப்ட்னு போடுவாங்க. உதாரணத்துக்கு ஷிஃப்ட் 500 ரூவான்னா ஒன்றரைக்கு 750. ஆனா சட்டப்படி வாரம் 48 மணி நேரத்துக்கு மேல செஞ்சா ஓவர்டைமுக்கு ரெட்டிப்பு சம்பளம், அப்போ ஆறு நாளும் 12 மணி நேரம் செஞ்சவங்களுக்கு நாளுக்கு 1000 வரணும். சேரும்போதே ஓவர்டைம் சிங்கிளா டபுளான்னு வாய்விட்டு கேளுங்க, கேட்டா வேலை தர மாட்டாங்கன்னு பயப்படாதீங்க, ஆர்டர் டெலிவரி நேரத்துல ஆள் கிடைக்காம அவங்கதான் தேடிட்டு இருப்பாங்க. ஒரு சின்ன நோட்ல தினமும் வந்த நேரம் போன நேரம் எழுதி வைங்க, சனிக்கிழமை சம்பள கவர் வாங்குனதும் அங்கயே நின்னு எண்ணி நோட்டோட சரி பாருங்க.

பிஎஃப்க்கு (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதமும் இஎஸ்ஐக்கு (மருத்துவ காப்பீடு) 0.75 சதவீதமும் நம்ம சம்பளத்துல புடிப்பாங்க, புடிக்கறது நல்லதுதான், ஆனா கட்டறாங்களான்னு பாக்கணும். நான் மொத சேந்த இடத்துல எட்டு மாசம் புடிச்சாங்க, கணக்குல ஒரு பைசா ஏறல, கேக்க போனப்போ யூனிட்டையே மூடிட்டாங்க, அந்த காசு இன்னைக்கு வரைக்கும் வரல. அதனால பிஎஃப் கணக்குக்கான யூஏஎன் நம்பர வாங்கி உமங் ஆப்ல மாசாமாசம் பாஸ்புக்க பாருங்க. ஒரு மாசம் ஏறலன்னாலும் உடனே கேளுங்க, ஆள் சேத்துக்கிட்டு போயி கேளுங்க.

அப்புறம் கைமடியாவே, அதாவது டெய்லருக்கு கூடமாட உதவி செய்யற ஆளாவே இருந்துடாதீங்க. சங்கமும் முதலாளிங்களும் ஒப்பந்தம் போட்டு ஏத்தற சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும், கைமடில இருந்து ஓவர்லாக் தையல் மிஷினுக்கு மாறுனாலே கூலி பெருசா மாறும். சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிஷம் வேஸ்ட் துணில ஓட்டிப் பழகுங்க. மொதல்ல நேர் தையல், அது நேரா வந்தப்புறம் கழுத்துப்பட்டி. எனக்கு கழுத்துப்பட்டி சுருக்கமில்லாம வர ரெண்டு மாசம் ஆச்சு.