வெந்நீர் ஊற்றோடு பயணம் முடிவதில்லை: மலைப்பாதைச் சைக்கிள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாள் முழுக்கப் பெடல் மிதித்து விறைத்துப்போன கால்களை வெந்நீர் ஊற்றில் இறக்கும் அந்த முதல் நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே கிளம்புகிறவர்கள் பலர். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் இந்த வகைப் பயணத்தில் செய்யும் தவறுகளைப் பின்னோக்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே நினைப்பிலிருந்து முளைத்தவை: ஊற்றைத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது. காரணம் நிலத்திலேயே இருக்கிறது. மழைநீரும் பனி உருகிய நீரும் பூமிக்குள் ஆழமாக இறங்கிச் சூடேறி, பாறைப் பிளவுகள் வழியே திரும்ப வருவதுதான் வெந்நீர் ஊற்று. அந்த நீர் பெரும்பாலும் வெளிப்படுவது பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றோரத்தில். லடாக்கின் சுமதாங் ஊற்று சிந்து நதிக்கரையிலேயே இருக்கிறது. அதனால் கணவாயைத் தாண்டிக் கடைசியில் ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்கித்தான் பல ஊற்றுகளை அடைவோம். வந்த வழியே திரும்புவதென்றால் அந்த இறக்கம் முழுக்க மறுநாள் ஏற்றம். ஊற வைத்துத் தளர்ந்த கால்களோடு, காலையில் முதல் வேலையாக.

இதனால்தான் கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போடக் கூடாது என்கிறேன். சமவெளியில் 80 கிலோமீட்டரை அசராமல் ஓட்டுபவர்கூட, சுமையோடு சரளைப் பாதையில் 1,200 மீட்டர் ஏறும் நாளில் அதில் பாதியைத் தாண்டினால் பெரிய விஷயம். சுமை ஏற்றிய சைக்கிளில் மணிக்கு 300 முதல் 400 மீட்டர் உயரம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன். காற்று மெலிந்த உயரங்களில் அதுவும் குறையும். 3,000 மீட்டருக்கு மேலே போனால் கால் வலு மட்டும் போதாது. தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுத்தால்தான் உடம்பு பழகும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் ‘வெந்நீரில் குளித்தால் சரியாகிவிடும்’ என்று நம்பி மேலே போகாதீர்கள். அதற்கு மேல் ஏறாமல் நிற்பதும், மோசமானால் கீழே இறங்குவதும்தான் மருந்து.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாக. முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரம், பின்னால் உள்ள மிகப் பெரியதைவிடச் சிறியதாக இருக்கட்டும். அந்தக் கியர் இல்லாமல் சுமையோடு செங்குத்தான ஏற்றத்துக்குப் போவது முட்டிக்குச் செய்யும் துரோகம். உதிரிப் பாகங்களில் எல்லோரும் டியூபை எடுத்துக்கொள்வார்கள். பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கரை மறந்துவிடுவார்கள். சைக்கிள் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே வளையக்கூடிய துண்டு அது. மாடலுக்கு மாடல் வடிவமும் வேறு, வழியில் கிடைக்காது.

இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வருவது இன்னொரு பழக்கம். சக்கர வளையத்தைக் கவ்வும் ரிம் பிரேக்காக இருந்தால் அந்தச் சூடு ரிம்முக்கு ஏறி, டியூப் வெடிக்கும் அளவுக்குப் போகலாம். சக்கர நடுவில் உள்ள தட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக்காக இருந்தால் பிடிப்பு குறையும். ஓங்கிப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டு, மறுபடி பிடியுங்கள். நடுவில் நின்று ஆறவிடுங்கள். மணலும் ஈரமும் சேர்ந்த பாதையில் பிரேக் கட்டைகள் சில நாட்களிலேயே தேய்ந்துவிடும், ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும்.

இனி தண்ணீர். குளிர்ந்த காற்றில் இறங்கி வந்த மரத்த விரல்களால் நீரைத் தொட்டுச் சூடு பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த மிக ஆபத்தான தவறு. அந்த விரல்களுக்கு எது இதம், எது கொதி என்று சொல்லத் தெரியாது. 60 டிகிரி நீர் சில வினாடிகளில் தோலை வேகவைத்துவிடும். ஊறிக் கிடக்க 40 டிகிரிதான் மேல் எல்லை. சமையலுக்கான சின்ன வெப்பமானி ஒன்று பையில் இடத்தையே அடைக்காது. நீர் கொதித்தால் 100 டிகிரி என்ற கணக்கும் மலையில் மாறும்: உயரம் கூடக் கூடக் கொதிநிலை குறைகிறது. ஏறத்தாழ 4,400 மீட்டரில் இருக்கும் லடாக்கின் பூகா ஊற்றில் 84 டிகிரி நீரே கிட்டத்தட்டக் கொதிக்கிற நிலைதான்.

ஊற்றைச் சுற்றிய தரையையும் நம்பாதீர்கள். தாதுப் படிவு ஓடு போல மேலே உறைந்திருக்கும், அடியில் கொதிநீர். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளில் வெந்து இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். அங்கே ஊற்றில் குளிக்கவே தடை. சைக்கிளைப் பாதையிலேயே நிறுத்திவிட்டு, நடந்த தடம் இருக்கும் இடத்தில் மட்டும் காலை வையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். ‘நாற்றம் போய்விட்டது’ என்று நிம்மதி அடைவதில் ஒரு வம்பு இருக்கிறது: அளவு கூடும்போது நம் மூக்குதான் மரத்துப்போகிறது. காற்றில்லாத நாளில் பள்ளத்துக்குள் கூடாரம் போடாதீர்கள்.

தலையை முக்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போகும். நோய் அபூர்வம், வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம். இருக்கை உரசிப் புண்ணான தோலோடு இறங்குவதும் வேண்டாம். ஊற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். ஆர்சனிக், ஃபுளோரைடு இருந்தால் காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

ஆற்றுக்கு அக்கரையில் ஊற்று இருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருமுறை காலையில் முழங்கால் அளவு ஓடையைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்தேன். மூன்று மணி வரை சொகுசாக ஊறிவிட்டு வந்து பார்த்தால் தொடைக்கு மேலே ஓடுகிறது. பனி உருகி வரும் ஓடை வெயில் ஏற ஏறப் பெருகி, மாலையில்தான் உச்சத்துக்கு வரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரவு முழுக்க அக்கரையில், ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு. விடிந்ததும் ஓடை பழையபடி முழங்காலுக்கு வந்திருந்தது.

வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும், வியர்வையாக நீரும் போகும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பதினைந்து நிமிடம் போதும், குடிநீர் பக்கத்தில் இருக்கட்டும், மது வேண்டாம். ஊறி எழுந்த கையோடு ஈரத் தலையுடன் இறக்கத்தில் பாய்ந்தால் உடல் வெப்பம் மளமளவென்று குறையும். மாலையில் வந்து சேர்ந்து, குளித்து, உலர்ந்த கம்பளி உடுத்தி, ஆற்று மட்டத்துக்கு மேலே கூடாரம் போட்டுத் தூங்குவதுதான் என் முறை. காலையில் இன்னொரு முக்கு போட மனசு கெஞ்சும். அப்போது முகம் மட்டும் கழுவிக்கொண்டு ஏற ஆரம்பிப்பேன்.

வெள்ளி மோதிரம் போட்டிருந்தால் இறங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். கந்தக நீர் அதைக் கருப்பாக்கிவிடும். வீட்டில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.