555 மணியோசை: ஸ்பீக்கரை மாட்டினால் மட்டும் அவசரம்

மூன்று நாளைத் தின்ற கோளாறு ஒரு டயோடில் தீர்ந்தது.

சர்க்யூட் வழக்கமானதுதான்: இரண்டு 555 டைமர் ஐசிகள். முதலாவது ஒலிக்கும், ஓயும் நேரத்தைத் தீர்மானிக்கும்; இரண்டாவது ஒலியை எழுப்பும். முதல் 555-க்கு 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 22 மைக்ரோஃபேரட் கபாசிட்டர். அதன் 3-ஆம் கால் (அவுட்புட்) இரண்டாவது 555-இன் 4-ஆம் காலுக்கு (ரீசெட்). இரண்டாவதில் அதே ரெசிஸ்டர்கள், 10 நானோஃபேரட், சுமார் 990 ஹெர்ட்ஸ். 1.2 வினாடி ஒலித்து 1 வினாடி ஓய வேண்டும். குறைந்த மின்சாரம் இழுக்கும் பீசோ பஸரில் சரியாக வந்தது. 8 ஓம் ஸ்பீக்கரில் 0.7 வினாடியிலேயே அறுந்தது.

ஐசியை மாற்றினேன், 22 மைக்ரோஃபேரடை மாற்றினேன், பலனில்லை. 5-ஆம் காலில் (கன்ட்ரோல்) 10 நானோஃபேரட் வைத்ததும் வீண். அது தாங்குவது சில பத்து மைக்ரோ வினாடிதான்.

துப்பு இதுதான்: ஓயும் நேரத்தைவிட ஒலிக்கும் நேரமே அதிகம் குறைந்தது. ஸ்பீக்கர் இழுக்கும் ஒவ்வொரு துடிப்பிலும் 9 வோல்ட் பேட்டரி 7.5-க்குச் சரிகிறது. கபாசிட்டர் சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் முதல் 555 திரும்பி ஒலியை நிறுத்தும். அந்த 6 வோல்ட் 5 ஆகிவிடுவதால் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், சரிவு தெரியாது.

முதல் ஐசியின் 8-ஆம் காலுக்கு 1என்4148 டயோட் வழியாக சப்ளை கொடுத்து, அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 220 மைக்ரோஃபேரட் கபாசிட்டர் போட்டேன். பேட்டரி சரிந்தாலும் அதன் சார்ஜ் டயோட் வழியே திரும்பிப் போகாது. நேரம் சீரானது. ஸ்பீக்கருக்குத் தொடராக 47 ஓமும் சேர்த்தேன். இல்லாவிட்டால் 3-ஆம் காலின் 200 மில்லி ஆம்பியர் வரம்பு தாண்டும்.