கேசட்டில் இசை வெளியிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் ஏற்றிய பாட்டில் பிழை இருந்தால் அதை நீக்கிவிட்டுத் திருத்தியதை ஏற்றிவிடலாம். ஐந்நூறு கேசட்டுகளில் பதிந்துவிட்ட பிழையை அப்படி நீக்க முடியாது. சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள சிறு இசைக்குழுவினரோ, பம்பை உடுக்கைக் கலைஞர்களோ, அம்மன் பாடல் பாடுவோரோ தங்கள் பாடல்களைக் கேசட்டாக வெளியிட விரும்பினால், அது மதிக்கத்தக்க விருப்பம். ஆனால் கேசட் கைக்கு வந்தபின் தெரியும் குறைகளில் பல, நகலெடுக்கும் இடத்தில் தோன்றியவை அல்ல. நகலெடுப்பதற்கான மூல ஒலிப்பதிவான மாஸ்டரையும் அட்டை வடிவமைப்பையும் நாம் ஒப்படைக்கும்போதே அவையும் உடன் போய்விடுகின்றன.

பாடல் வரிசையை முடிவு செய்யும்போதே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45 நிமிடம் என்பது பலருக்கும் தெரியும். இரண்டு பக்கங்களும் ஒரே நாடாவின் இரு பாதிகள் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். ஏ பக்கத்தில் 22 நிமிடமும் பி பக்கத்தில் 28 நிமிடமும் பாடல்கள் இருந்தால், நாடா நீளமான பக்கத்துக்கு ஏற்பவே வெட்டப்படும். ஏ பக்கத்தின் கடைசியில் ஆறு நிமிடம் வெறும் நாடா ஓடும். கேட்பவர் பாட்டு முடிந்த கையோடு கேசட்டைத் திருப்பிப் போட்டால், பி பக்கத்தின் முதல் ஆறு நிமிடம் அவருக்குக் கேட்காமலே போய்விடும். ஆகவே இரு பக்கங்களையும் கூடியவரை சமமாக்க வேண்டும். முடியாவிட்டால் நீளமானதை ஏ பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்காக நீண்ட உடுக்கைப் பாட்டொன்றைப் பாதியில் வெட்டி இரு பக்கங்களுக்கும் பங்கிடுவது, என் கருத்தில், அந்தப் பாட்டுக்குச் செய்யும் அநீதி. வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

இருக்கிற பாடல்களையெல்லாம் ஒரே கேசட்டில் அடக்கிவிட வேண்டும் என்ற ஆசையும் கெடுதல் செய்யும். சி-60 நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான்; சி-90 நாடா சுமார் 12; சி-120 நாடா சுமார் 9 மைக்ரான்தான். மெல்லிய நாடா பழைய டேப் ரெக்கார்டரில் எளிதில் சிக்கிக்கொள்ளும், இழுபட்டு நீளும். அடுத்த சுற்றில் உள்ள உரத்த ஒலி முன்கூட்டியே மெலிதாகக் கேட்கவும் செய்யும். சி-120 வேண்டவே வேண்டாம். மொத்த நாடாவாக வாங்கி ஏற்றித்தரும் இடங்களில், பாடல்களின் நீளத்தோடு அரை நிமிடம் கூட்டிச் சொன்னால் அந்த அளவுக்கே வெட்டித் தருவார்கள்.

மிகுதியான கவனம் தேவைப்படுவது மாஸ்டரில். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது அதை இசைக்கான ஊடகமாகக் கருதியதைவிடப் பேச்சைப் பதிவதற்கான எளிய கருவியாகவே கருதியது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. இவ்வளவு குறுகிய நாடாவில், இவ்வளவு குறைந்த வேகத்தில், கூர்மையான மேல்சுர ஒலிகளுக்கு மிகக் குறைந்த இடமே உண்டு. கணினியில் ஒலியளவை உச்சம்வரை ஏற்றி, இணையத்துக்காகத் தயாரித்த அதே கோப்பைக் கொடுத்தால், ஜால்ராவின் ஓசை சரசரவென்று பொரியும். பாடகரின் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் காற்றாகச் சீறும். நாதஸ்வரமும் பம்பையும் சேர்ந்து முழங்கும் பதிவுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கேசட்டுக்கென்று தனி மாஸ்டர் தயாரித்து, அதில் மேல்சுரங்களைச் சற்று அடக்கி, உச்ச ஒலிக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். எம்பி3 கோப்பும், பழைய கேசட்டிலிருந்து எடுத்த பதிவும் மாஸ்டர் ஆகா. மூலப்பதிவு கிடைக்கும்போது நகலிலிருந்து நகல் எடுப்பதற்கு நியாயமே இல்லை. பாட்டுக்கு ஒரு கோப்பாகக் கொடுக்காமல், பாடல்களுக்கு இடையே வேண்டிய இடைவெளியை நாமே வைத்து, பக்கத்துக்கு ஒரு கோப்பாக 24 பிட் வேவ் வடிவில் கொடுத்தால் வரிசை மாறிப்போக வழியில்லை.

பலரும் சோதிக்காத ஒன்று உண்டு. ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட மோனோ டேப் ரெக்கார்டரின் ஹெட், அதாவது நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் பகுதி, ஸ்டீரியோ கேசட்டின் இடது, வலது தடங்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கும். ஒலிக்கலவையை ‘அகலமாக்க’ ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்கியிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; ஹெட்போனில் கம்பீரமாகக் கேட்ட குரல் அங்கே மங்கிப்போகும். கலவையை மோனோவில் ஒருமுறை கேட்டுவிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி முறையில் பதிவு வேண்டுமா என்று கேட்டால், நம் ஊர்ப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். டால்பியில் பதிந்த கேசட்டை அந்த வசதி இல்லாத கருவியில் போட்டால் ஒலி கூர்மையாகி நாராசமாகும். டால்பி இல்லாமல் பதிந்துவிட்டு அட்டையில் மட்டும் அந்த அடையாளத்தை அச்சிடுவது அதைவிட மோசம். கேட்பவர் டால்பியை இயக்குவார், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும்.

நகலெடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. வெற்றுக் கேசட்டுகளைச் செருகி நேரடியாகப் பதிவது ஒன்று. பெரிய சுருளாக உள்ள நாடாவில் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் அதிவேகத்தில் பதிந்து, பின்னர் வெட்டிக் கூட்டில் ஏற்றுவது மற்றொன்று. 64 மடங்கு வேகம் என்றால் 30 நிமிடப் பக்கம் அரை நிமிடத்துக்குள் பதிந்துவிடும். எந்த முறை, எந்த வேகம் என்று கேட்காமலே பணம் கட்டுவது தவறு. செருகிப் பதியும் முறையில் நாடாவின் தொடக்கத்தில் உள்ள வெறும் பிளாஸ்டிக் பட்டையில் எதுவும் பதியாது என்பதால், அது கடந்த பிறகு பதிவு தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பாட்டின் முதல் சொல்லே காணாமல் போகும். கேசட் கூடு ஐந்து திருகாணிகள் கொண்டதாக இருப்பது நல்லது, நாடா சிக்கினால் திறந்து சரிசெய்யலாம். மறுபதிவுக்கு இடம்தரும் பின்புறப் பிளாஸ்டிக் துண்டுகள் இல்லாத கூட்டையே கேட்டு வாங்க வேண்டும். அவை இருந்தால், தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானை அழுத்துபவர் பாட்டை அழித்துவிடுவார்.

அடுத்தது அட்டை. சதுரமான குறுந்தகட்டு அட்டையை அப்படியே சுருக்கிக் கொடுப்பவர்கள் ஏராளம். கேசட் அட்டையின் முகப்பு சுமார் 65 மில்லிமீட்டர் அகலமும் 102 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. முதுகுப்பட்டை 13 மில்லிமீட்டருக்குள். அலமாரியில் அடுக்கியபின் கண்ணில் படுவது அந்த முதுகுப்பட்டை மட்டுமே, ஆகவே பெயர் அங்கே தெளிவாக இருக்க வேண்டும். தமிழில் இதற்குத் தனிச் சிக்கல் உண்டு. கேசட்டின் மேலேயே மிகச் சிறிய எழுத்தில் அச்சிடும்போது புள்ளிகள் மை பிடிக்காமல் போகும், அல்லது எழுத்தோடு ஒட்டிவிடும். ‘கோட்டை மாரியம்மன்’ என்று கொடுத்தது ‘கோடடை மாரியமமன’ என்று வந்து நிற்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை சிவகாசிக்கோ உள்ளூர் அச்சகத்துக்கோ அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு அங்கே இல்லாதபோது பெயர்கள் புரியாத குறிகளாக மாறிவிடும். எழுத்துகளைக் கோட்டுவடிவங்களாக மாற்றி, நான்கு ஓரங்களிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, காகிதத்தில் ஒரு மாதிரி எடுத்து மடித்து, உண்மையான கேசட் பெட்டியில் செருகிப் பார்த்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் தர வேண்டும்.

அட்டையில் அழகுக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் இடம் விட வேண்டும். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவு, ஒலிப்பதிவைத் தயாரித்தவரின் பெயரும் முகவரியும், காப்புரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் பதிவின் மீதும் உறையின் மீதும் இருக்க வேண்டும் என்கிறது. சினிமா மெட்டில் அம்மன் பாட்டு எழுதி வெளியிடுவதை, பக்திக்காகத்தானே என்று எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். மறுபதிவுகளை அனுமதிக்கும் 31சி பிரிவு, மூலப்பதிவு உருவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழியவேண்டும் என்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையையும் கேட்கிறது. பாடலின் வரிகளை நம் விருப்பம்போல் மாற்றவும் அது இடம்தருவதில்லை. உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள்; இல்லையேல் சொந்த மெட்டில் பாடுங்கள். நம் வட்டாரத்தின் பம்பைத் தாளங்களுக்கு இரவல் மெட்டு தேவையும் இல்லை.

மாதிரிப் பிரதியைக் கேட்காமல் மொத்தத்துக்கும் ஒப்புதல் தருவதுதான், இவை எல்லாவற்றிலும் மன்னிக்க முடியாத தவறு. ஆடித் திருவிழாவுக்குக் கடைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டுகிறார்கள். ஆகவே சித்திரையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். மாதிரியை ஒரு நல்ல டெக்கிலும், ஒரு பழைய டூ-இன்-ஒன்னிலும், ஒரு வண்டியிலும் போட்டு, இரு பக்கங்களின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் தவறாமல் கேட்க வேண்டும். ஏ பக்கத்து லேபிள் பி பக்கத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாக் கருவிகளிலும் ஒலி மந்தமாகவே வந்தால், பதிந்த ஹெட்டின் கோணம் நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக இல்லாமல் இருக்கலாம். அதை நகலெடுப்பவரிடம் சொல்லித் திருத்தச் செய்ய வேண்டும்.

பெட்டிகள் வந்து சேர்ந்தபின், கோடை வெயிலில் நிற்கும் காருக்குள் அவற்றை விட்டுவைக்கக் கூடாது. கூடு வளையும், உள்ளே நாடா உரசிக் கீச்சிடும். ஏற்காட்டில் எதிரி ஈரம்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டமும் மழையும் மாறிமாறி வரும் மாதங்களில், சுவரோரம் வைத்த கேசட்டில் பூஞ்சை பிடித்துவிடும். காந்தம் உள்ள ஸ்பீக்கர் பெட்டிகளின் மீது கேசட்டுகளை அடுக்கும் பழக்கம் விழா மேடைகளில் உண்டு. அதையும் நிறுத்த வேண்டும். ஒப்புதல் தந்த மாதிரிப் பிரதி ஒன்றையும், மாஸ்டர் கோப்புகளையும், அட்டையின் இறுதி வடிவத்தையும் தேதி எழுதித் தனியே வைத்துக்கொண்டால், அடுத்த முறை நூறு பிரதி வேண்டியிருக்கும்போது எதையும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.