ஒப்பந்தப் பணியாளரின் வெளிநாட்டுப் பயணம்: செலவிலும் காப்பீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு பீன்யாவில் இயந்திரம் தயாரிக்கும் நிறுவனங்கள், வெளிநாட்டு ஆலையில் அதை நிறுவி ஓட்டிக் காட்டுவதற்காகவும், எலக்ட்ரானிக் சிட்டியின் மென்பொருள் நிறுவனங்கள் வாடிக்கையாளர் கூட்டங்களுக்காகவும், நிரந்தர ஊழியரோடு ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிபவரையும் சேர்த்து அனுப்புவதுண்டு. ஒரே விமானம், ஒரே ஹோட்டல், ஒரே வேலை என்பதால் பாதுகாப்பும் ஒன்றே என்று நினைப்பதுதான் முதல் தவறு. நிறுவனத்தின் குழுப் பயணக் காப்பீடு பெரும்பாலும் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கே உரியது. இன்வாய்ஸ் கொடுத்துப் பணம் பெறுபவரின் பெயர் அதில் தானாக ஏறாது. "எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், காப்பீட்டுச் சான்றிதழில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இங்கே விற்கப்படும் பயணக் காப்பீட்டைப் பொதுவாகப் புறப்படும் முன்பே எடுத்தாக வேண்டும் என்பதால், பிராங்பர்ட்டில் இறங்கிய பிறகு இதைப் பற்றி யோசித்துப் பயனில்லை.

அடுத்த தவறு, விசாவுக்காக மட்டும் காப்பீடு எடுப்பது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதால், அந்தத் தொகைக்குக் கிடைக்கும் மிக மலிவான பாலிசியை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். தூதரகத்துக்கு அது போதும். ஆனால் பல பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் உடலுழைப்பு வேலையும் அபாயகரமான பணியும் இருக்கும். கூட்டத்தில் உட்கார்ந்து பேசுபவருக்கு அதனால் பாதிப்பில்லை. இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு சென்சாரைச் சரிசெய்பவருக்கோ, விரல் நசுங்கினால் இழப்பீடு கிடைக்குமா என்பதே அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது. செய்யப்போகும் வேலையை உள்ளபடி விவரித்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வதே சரி. முகவர் போனில் சொல்லும் "அதெல்லாம் கவர் ஆகும் சார்" கிளெய்ம் நேரத்தில் உதவாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றை மறைப்பதும் இதே வகைத் தவறு. லேப்டாப் தொலைந்தால் பயணக் காப்பீடு தரும் என்றும் எண்ண வேண்டாம். மின்னணுக் கருவிகளைப் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, பெரிய இழப்பு நேர்வது திரும்பி வந்து இன்வாய்ஸ் போடும்போதுதான். கட்டணம் 2,00,000 ரூபாய், டிக்கெட்டும் ஹோட்டலும் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே தொகையாக எழுதினால், 10 சதவீத டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கப்படும் வருமான வரி) பொருந்தும் தொழில்முறைக் கட்டணத்தில் 20,000 ரூபாய்க்குப் பதில் 32,000 ரூபாய் பிடிப்பார்கள். கூடுதலாகப் போன 12,000 ரூபாயை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் சரிக்கட்ட வேண்டும். செலவுக்கு அசல் ரசீதுகளோடு தனிப் பில் கொடுத்தால், இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்க வழியுண்டு.

ஆனால் தனிப் பில் போட்டுவிட்டதால் ஜி.எஸ்.டி.யும் இல்லை என்று முடிவுகட்டுவது அதைவிட மோசமான தவறு. தம் சேவையை வழங்குவதற்காக ஒருவர் செய்யும் பயணச் செலவு பொதுவாக அந்தச் சேவையின் மதிப்பிலேயே சேரும். வாடிக்கையாளரின் முகவராக நின்று செலுத்திய தொகைக்கு ஜி.எஸ்.டி. விதி 33 தரும் விலக்கு, நம் சொந்த ஹோட்டல் பில்லுக்கு எளிதில் பொருந்தாது. மேற்சொன்ன கணக்கில், ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் 1,20,000 ரூபாய்க்கு 18 சதவீதம் வசூலிக்காமல் விட்டால், பின்னால் 21,600 ரூபாயும் வட்டியும் அவர் தலையில்தான் விழும். டிக்கெட்டையும் ஹோட்டலையும் நிறுவனமே தன் பெயரில் நேரடியாக எடுத்துத் தரச் சொல்வதுதான் என் பார்வையில் ஆகச் சிறந்த வழி. அப்படிச் செய்தால் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் எழாது.

மற்றவை சிறியவை. வெளிநாட்டுக் கடையில் கார்டு இயந்திரம் "ரூபாயில் செலுத்தவா" என்று கேட்டால் மறுத்து, உள்ளூர் நாணயத்திலேயே செலுத்த வேண்டும். வெப்பத்தாள் ரசீதுகள் வெளுத்துவிடும் என்பதால் அன்றன்றே படம் எடுத்துக்கொள்ளலாம். திரும்பும்போது 2,000 டாலருக்கு மேல் மிஞ்சும் அந்நியச் செலாவணியை 180 நாள்களுக்குள் வங்கியிடமோ பணமாற்று நிறுவனத்திடமோ ஒப்படைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பலரும் எழுத மறப்பது, பயணம் ரத்தானால் என்ன ஆகும் என்பதை. வாடிக்கையாளர் கூட்டத்தைத் தள்ளிவைத்தார் என்ற காரணத்துக்குச் சாதாரணப் பயணக் காப்பீடு பணம் தராது. ஆகவே விமான ரத்துக் கட்டணத்தை யார் ஏற்பது, ஒதுக்கிவைத்த நாள்களுக்குக் கட்டணம் உண்டா, எந்த நாளின் மாற்று விகிதத்தில் செலவைக் கணக்கிடுவது, பில் கொடுத்த எத்தனை நாளில் பணம் வரும் ஆகிய நான்கையும் டிக்கெட் எடுக்கும் முன்பே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.